கப்பலில் போன மின்சாரம்

2022 ஏப்ரல் 2-ம் தேதி, 40,000 டன் டீசலுடன் இந்தியாவிலிருந்து கிளம்பிய கப்பல் கொழும்பு போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் என்றாகியிருந்தது. மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டு முன்னால் ஜனங்கள் திரண்டு நின்றதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். மலையக நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கிவிட்டது. எண்ணெயில் ஓடும் மின் நிலையங்களுக்கு எண்ணெய் வாங்கக் கையில் டாலர் இல்லை. பிப்ரவரி 2-ம் தேதி இந்தியா கையெழுத்திட்ட 50 கோடி டாலர் எரிபொருள் கடனும், அதன் பேரில் வரிசையாகப் போன கப்பல்களும்தான் அந்த மாதங்களில் இலங்கைக்குக் கொஞ்சம் மூச்சு கொடுத்தன.

மறக்கக் கூடாத உதவி அது. ஆனால் அது போய்ச் சேர்ந்த வழியைப் பாருங்கள். கச்சா எண்ணெயை வெளிநாட்டில் வாங்கி, இங்கே சுத்திகரித்து, கப்பலில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, தொட்டிகளுக்குக் கொண்டுபோய், அங்கே எரித்து மின்சாரமாக்க வேண்டியிருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருக்கும் கடலோ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற தூரம்தான். அந்தக் கடலின் மேலாகவோ அடியிலோ ஒரு மின்பாதை இருந்திருந்தால், கொழும்பில் ஒரு பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் வந்திருக்க வேண்டிய பொருள், மாலுமிகளையும் துறைமுகத்தையும் நம்பி நாள்கணக்கில் மிதந்து போனது.

இதைப் பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் வைத்து யோசிக்கக் காரணம் உண்டு. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையோரம், வாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி அமைந்த பழைய ஊர் இது. சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். காவிரி வாய்க்கால் எட்டாத மேட்டுப் பூமி. கிணறும் மோட்டாரும்தான் கதி. மின்சாரம் இல்லையென்றால் வீட்டில் விளக்கு எரியாது என்பது இங்கே இரண்டாவது கவலை. முதல் கவலை வயலில் காயும் பயிர்.

2008 தொடங்கி 2014 வரை தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளிமாவட்டக் கிராமங்களுக்கு 12, 14, சில நாள் 16 மணி நேரம். அந்த ஆண்டுகளில் இந்தப் பக்கத்து மோட்டார் கொட்டகை எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே மரப்பலகையில் மூன்று குண்டு பல்புகள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் எரிந்தால் த்ரீ பேஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று மங்கினால் கைவைக்கக் கூடாது. ராத்திரி எத்தனை மணிக்கு வரும் என்று எவருக்கும் தெரியாததால், கயிற்றுக் கட்டிலைக் கொட்டகை வாசலில் போட்டு, பல்பைப் பார்த்தபடியே படுத்துக் கிடப்பார்கள். அடுத்த காட்டிலிருந்து ஒரு குரல் வரும்: “ஏம்ப்பா, மூணும் எரியுதா?” ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியவர் வீட்டில் தூங்கலாம், ஆனால் வாய்க்கால் உடைந்து தண்ணீர் எங்கே பாய்கிறது என்று பார்க்க ஆள் வேண்டுமே. டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களில் பெண்களும் உண்டு.

பொறுக்க முடியாதவர்கள் கன்டென்சர் போட்டு, இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டினார்கள். கொஞ்ச நேரம் ஓடும். பிறகு சூடேறிக் காயில் கருகும். பெரம்பலூரில் காயில் கட்டும் கடைகளில் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்த காலம் அது. கட்டி முடித்துக் கொண்டுபோய் இறக்குவதற்குள் வெங்காயத் தாள் வதங்கிவிடும். தேர்வுக்குப் படித்த பிள்ளைகள், மாவு மில்காரர், தறி வைத்திருந்தவர், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் என்று ஆளுக்கொரு கணக்கு இருந்தது. அந்த இழப்பை முழுசாக எவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பஞ்சத்துக்கு ஒரு காரணம் உற்பத்திக் குறைவு. இன்னொரு காரணம் அதிகம் பேசப்படவில்லை: மின்சாரம் வேறிடத்தில் இருந்தது, வருவதற்குப் பாதை இல்லை. 2012 இறுதியில் டெல்லி தனக்கு வேண்டாமென்று விட்டுக்கொடுத்த 1,721 மெகாவாட்டைத் தமிழ்நாடு கேட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வடக்கிலிருந்து தெற்கே கொண்டுவரத் தடத்தில் இடமில்லை என்பதே மத்திய அரசு சொன்ன பதில். அன்று தென் மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுசாக இணையவில்லை. கஜுவாகா, பத்ராவதி, தால்ச்சர் – கோலார் என்று சில டிசி (நேர்மின்னோட்ட) இணைப்புகள் மட்டும் குறுகிய வாசல்கள் மாதிரி இருந்தன. மின்சந்தையில் வடக்கே ஒரு விலை, தெற்கே அதைவிடக் கூடுதலாக இன்னொரு விலை. காசு கொடுக்கத் தயாராக இருந்தும் சரக்கு வரவில்லை.

அந்தத் தனிமையால் ஒரு நன்மையும் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு என்று 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டபோது தெற்கு தப்பித்தது. வடக்கின் விபத்து டிசி வாசலைத் தாண்டி வரவில்லை. அந்த இரண்டு நாட்களில் ரயிலையும் அத்தியாவசியச் சேவைகளையும் மீட்க, பூடானின் நீர்மின்சாரமும் கைகொடுத்தது. உலகின் பெரிய மின்தொகுப்புகளில் ஒன்று விழுந்து கிடந்தபோது, தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பத்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு மலைநாடு.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியது. தெற்கு மற்ற இந்தியாவோடு ஒரே அலைவெண்ணில் சேர்ந்தது. 2021-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு, ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் நீளமுள்ள 6,000 மெகாவாட் டிசி பாதை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வடசென்னையிலிருந்து மேற்கே மின்சாரம் கொண்டுபோகத் திட்டமிட்ட 765 கிலோவோல்ட் பாதைக்கு அரியலூர்தான் நடு நிலையம். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோதும் 2012 திரும்பி வரவில்லை. புதிய நிலையங்கள், சூரியசக்தி எல்லாம் சேர்ந்துதான் இதைச் செய்தன. ஆனால் பாதைகள் இல்லாமல் இது நடந்திருக்காது.

வேறு வழியையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து அனல்மின் நிலையம் கட்டுவதாக 1990-களில் விவசாயிகளின் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகளிலேயே ஒரு தலைமுறை கழிந்து, கடைசியில் நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. எல்லாத் தேவைக்கும் சொந்தக் காலில் நிற்போம் என்று எடுக்கும் சபதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைப் பெரும்பாலும் கிராமமே கொடுக்கிறது. மின்பாதையும் இலவசமில்லை, புகளூர் பாதைக்குக் கொங்குப் பகுதியில் கோபுரம் நட்டபோது விவசாயிகள் இழப்பீடு கேட்டுத் தெருவுக்கு வந்ததை அரசுகள் மறந்துவிடக் கூடாது.

அண்டை நாடுகளிடையே இந்த வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். பூடானின் சுக்கா நீர்மின் நிலையம், 336 மெகாவாட், இந்திய உதவியில் கட்டப்பட்டு 1986-ல் உற்பத்தி தொடங்கியது. மழைக்காலத்தில் பூடான் இந்தியாவுக்கு விற்கிறது. குளிர்காலத்தில் ஆறு சுருங்கியதும் இந்தியாவிடம் வாங்குகிறது. நம்மூர்ப் பங்குக் கிணறு மாதிரி என்று சொன்னால் வாலிகண்டபுரத்தில் எல்லோருக்கும் புரியும். ஒரே கிணறு, நான்கு பங்காளி. இன்னின்ன நாள் இன்னார் முறை என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். சண்டை வராமலில்லை. ஆனால் கோடையில் பயிர் காயும்போது உட்கார்ந்து முறை பேச ஆரம்பித்தால் பயிரும் போகும், உறவும் போகும்.

நேபாளத்தின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே 2016 வரை குளிர்காலங்களில் ஒரு நாளைக்கு 16, 18 மணி நேரம்கூட மின்வெட்டு இருந்தது. 2016 பிப்ரவரியில் பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் டல்கேபருக்கு மின்பாதை திறக்கப்பட்டு, முதலில் 80 மெகாவாட் போனது. அதே ஆண்டு நேபாள மின்வாரியத் தலைவராக வந்த குல்மான் கிசிங், பெரிய ஆலைகளுக்கு ரகசியமாகத் தடையின்றிப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தை ஒழுங்கு செய்தார். தீபாவளியையொட்டி வரும் திகார் பண்டிகையில் காட்மாண்டுவில் விளக்கு அணையவில்லை. இந்தியாவிலிருந்து வந்த மின்சாரமும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்ததால்தான் அது முடிந்தது. ஐந்தே ஆண்டில், 2021 நவம்பரில், நேபாளம் இந்திய மின்சந்தையில் 39 மெகாவாட்டுடன் விற்பனையைத் தொடங்கியது. இப்போது மழைக்காலத்தில் இந்தியப் பாதை வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் விற்கிறது. வாங்குகிறவராக வந்தவர் விற்கிறவராக எழுந்தது அதே கம்பியில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் திரிபுராவின் பலாட்டானா. 726 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்துக்கான ராட்சத எந்திரங்களை வடகிழக்கின் குறுகிய மலைச்சாலையில் கொண்டுபோக வழியில்லை. வங்கதேசம் தன் ஆற்றையும் சாலையையும் திறந்துவிட்டது. எந்திரங்கள் படகில் வங்கதேசத்தின் ஆசுகஞ்சுக்கு வந்து, அங்கிருந்து சாலை வழியே திரிபுரா எல்லைக்குப் போயின. அதற்காகத் தித்தாஸ் ஆற்றுக்குக் குறுக்கே மண் கொட்டி வழி போட்டதில் உள்ளூர் ஜனங்களுக்கு வருத்தம் ஏற்பட்டது. அது நியாயமான வருத்தம். 2016 மார்ச்சில் திரிபுராவிலிருந்து வங்கதேசத்தின் குமில்லாவுக்கு 100 மெகாவாட் போகத் தொடங்கியது. அதே நாளில் வங்கதேசத்திலிருந்து திரிபுராவுக்கு இணைய இணைப்பு வந்தது. வழி கொடுத்தவர் வீட்டிலும் விளக்கு எரிந்தது.

பூடான், நேபாளம், வங்கதேசம் மூன்றும் இந்தியாவோடு கம்பியால் இணைந்துவிட்டன. தமிழ் பேசும் இரண்டு கரைகளுக்கு நடுவில் மட்டும் இன்னும் இல்லை. மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்குப் பாதை போடுவதற்கான ஆய்வு ஒப்பந்தம் 2010 ஜூனில் கையெழுத்தானது. முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000 என்பது திட்டம். செலவு, கடலடிக் கேபிளா கோபுரமா, எங்கே கரையேறுவது என்று பேச்சு ஆண்டாண்டாக நீண்டது. இப்போது மன்னார்தான் கரையேறும் இடமாகப் பேசப்படுகிறது. 2023 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க டெல்லி வந்தபோது மீண்டும் பேசினார்கள். 2025 ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இருந்த மேடையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைமாறியது. 2010-லிருந்து கணக்குப் பார்த்தால் 15 ஆண்டு. அந்த இடைவெளியில்தான் 2022 வந்து போனது.

கடல் ஒரு தடை என்று சொல்வதற்கில்லை. ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே ஜிப்ரால்டர் நீரிணையின் அடியில், சில இடங்களில் 600 மீட்டர் ஆழத்தில், 1997-லேயே முதல் கேபிள் போட்டார்கள். 2006-ல் இரண்டாவது. பல ஆண்டுகள் ஸ்பெயினிலிருந்து மொராக்கோவுக்கே பெரும்பாலும் மின்சாரம் போனது. 2025 ஏப்ரல் 28 மதியம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. அன்றைக்கு ஸ்பெயினின் மின் நிலையங்களை மறுபடி உயிர்ப்பிக்க வடக்கே பிரான்சும் தெற்கே மொராக்கோவும் மின்சாரம் அனுப்பின. வழக்கமாக வாங்குகிற நாடு அன்று கொடுக்கிற நாடாயிற்று. பாக் நீரிணையின் ஆழம் ஜிப்ரால்டரோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

2022-ல் போர் மூண்ட பிறகு உக்ரைனும் மால்டோவாவும் மூன்றே வாரத்தில், மார்ச் 16 அன்று, ஐரோப்பிய மின்தொகுப்போடு சேர்ந்தன. மறு ஆண்டுக்கென்று வைத்திருந்த வேலை அது. கம்பிகள் முன்பே இருந்ததால்தான் மூன்று வாரத்தில் முடிந்தது.

இலங்கைக்கு இது எவ்வளவு அவசரம் என்பதை 2025 பிப்ரவரி 9 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் கோளாறு ஏற்பட்டு, தீவு முழுவதும் இருண்டது என்று அந்நாட்டு எரிசக்தி அமைச்சரே சொன்னார். சிரிப்பதற்கான செய்தி இல்லை. விடுமுறை நாளில் தேவை குறைவு, கூரைகளில் சூரியசக்தி அதிகம், கனமான சுழலிகள் ஓடுவது குறைவு. அப்படிப்பட்ட சின்னத் தனித் தொகுப்பு ஒரு உதறலைக்கூடத் தாங்காது. ஏறக்குறைய 2,800 மெகாவாட் உச்சத் தேவை உள்ள தீவுக்கு 500 மெகாவாட் டிசி இணைப்பு என்பது ஆறில் ஒரு பங்கு. விழும்போது பிடித்துக்கொள்ள அது போதும். டிசி என்பதால் அங்கே நடக்கும் விபத்து இங்கே தொற்றாது; 2012 ஜூலையில் தெற்கைக் காத்த அதே வாசல்தான்.

இந்தியாவிடமே 2022-ல் மின்சாரம் இருந்ததா என்ற கேள்வி நியாயமானது. 2022 ஏப்ரலில் இங்கும் நிலக்கரித் தட்டுப்பாடு. பல மாநிலங்களில் மின்வெட்டு. ஏப்ரல் 29 அன்று நாட்டின் தேவை 2,07,111 மெகாவாட் என்று அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அதே ஏப்ரல் 29-ல்தான் தமிழ்நாடு சட்டமன்றம், இலங்கை மக்களுக்கு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப அனுமதி கேட்டுத் தீர்மானம் போட்டது. 500 மெகாவாட் என்பது அன்றைய இந்தியத் தேவையில் நானூற்றில் ஒரு பங்குதான். நமக்கு உறைக்காத அளவு; அவர்களுக்கு மருத்துவமனையும் குடிநீர் மோட்டாரும் ஓடும் அளவு. மே 18 அன்று அந்த நிவாரணப் பொருட்களுடன் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியபோது தமிழ்நாட்டு ஜனங்கள் கொடுத்த காசும் அதில் இருந்தது. பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலம் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அக்கரையில் சொந்தம் உண்டு. அங்கே இருட்டு என்பது இங்கே வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை.

மனிதாபிமானத்தை மட்டும் நம்பி மின்பாதை போட முடியாது, போடவும் கூடாது. வங்கதேசத்தைப் பாருங்கள். 2014 நவம்பர் 1 அன்று பெராமாராவில் இந்திய மின்சாரம் நுழையும் நிலையம் நின்றதும், தாங்கிப் பிடிக்கப் போதுமான இருப்பு இல்லாமல் நாடு முழுக்க இருண்டது. 2024 இறுதியில், ஜார்க்கண்டின் கோட்டாவிலிருந்து வங்கதேசத்துக்கு விற்கும் அதானி நிறுவனம், பாக்கி சேர்ந்ததைக் காட்டி மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தது. நெருக்கடியில் இருக்கும் நாட்டுக்கு டாலரில் பில் அனுப்பினால் அது எங்கே போகும்? இலங்கையில் பலருக்கு இருக்கும் பயம் இதுதான்: பெரிய நாட்டின் கையில் நம் சுவிட்ச் போய்விடுமோ என்று. மன்னாரில் அதானியின் காற்றாலைத் திட்டத்தை ஊர்மக்களும் வலசைப் பறவைகளுக்காகப் பேசியவர்களும் எதிர்த்தார்கள். புதிய அரசு விலையை மறுபடி பேச முனைந்ததும் 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனமே விலகிக்கொண்டது. அந்த எதிர்ப்பை இந்திய வெறுப்பு என்று தள்ளிவிடுவது தவறு. விலை வெளிப்படையாக இல்லாத இடத்தில் எந்த ஊர்க்காரரும் அப்படித்தான் கேட்பார்.

காற்றாலை மின்சாரக் கணக்கிலும் மிகைப்படுத்தக் கூடாது. முப்பந்தலிலும் மன்னாரிலும் தென்மேற்குப் பருவக் காற்று ஒரே சமயத்தில் வீசுகிறது. இருவரிடமும் ஒரே நேரத்தில் மிச்சம், ஒரே நேரத்தில் பற்றாக்குறை என்ற நாட்கள் வரும். ஆனால் மதுரையில் கால்வைக்கும் பாதை தமிழ்நாட்டோடு முடிவதில்லை. ராஜஸ்தான் வெயிலும் இமாச்சல் ஆறும் அதே தொகுப்பில்தான் இருக்கின்றன. அக்கரையின் மிச்சக் காற்றுக்கும் அவ்வளவு பெரிய சந்தை கிடைக்கும். நேபாளத்துக்கு நடந்தது இலங்கைக்கும் நடக்கலாம்.

ஆகவே இனி பேச வேண்டியது கம்பியைப் பற்றி மட்டுமல்ல, அதற்கான ஒப்பந்தத்தில் எழுதப்போகும் நிபந்தனைகளைப் பற்றியும்தான். வியாபார மின்சாரத்துக்கு ஒரு விலையும் ஆபத்துக்கால மின்சாரத்துக்குத் தனி ஏற்பாடும் வேண்டும். தொகுப்பு விழுந்தால் இத்தனை நிமிடத்துக்குள் இத்தனை மெகாவாட், பணம் பிறகு, பாக்கி இருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு வேண்டும். அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். ஒரு புயலில் தென் தமிழ்நாட்டுப் பாதைகள் சாய்ந்தால் மன்னாரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மின்சாரம் வரட்டும். கேபிளோ கோபுரமோ கடலில் இறங்கும் முன் ராமேசுவரத்து மீனவர்களையும் மன்னார் மீனவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் வலையும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையும் டெல்லி வரைபடத்தில் தெரியாது. தமிழ்நாடு அரசுக்கு இந்தப் பேச்சில் ஒரு நாற்காலி வேண்டும். 2022-ல் அரிசி அனுப்ப அனுமதி கேட்ட சட்டமன்றம், இந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி விவாதிக்கவும் வேண்டும்.

கோபுரங்கள் எழும்ப ஆண்டுகள் ஆகும். ஆபத்துக்காலப் பிரிவை எழுதுவதற்கு அத்தனை ஆண்டு தேவையில்லை. இரண்டு அரசுகளின் பொறியாளர்களும் ஏற்கெனவே ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதை எடுத்துக்கொள்ளட்டும்.